கண்புரை ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அடுத்த 30 நாள் உங்க கையில்தான்! - தாத்தா, ஆச்சிக்கான முழு கைடு

சேரன்மகாதேவியிலிருந்து போன் வருகிறது. "கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டுப்பா. அரை மணி நேரம்கூட ஆகல. சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டோம்." நீங்கள் சென்னையிலோ, பெங்களூரிலோ, துபாயிலோ உட்கார்ந்து நிம்மதியாகப் பெருமூச்சு விடுவீர்கள். 'அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சுது' என்று அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவீர்கள்.

உண்மையில், டாக்டரின் வேலைதான் முடிந்திருக்கிறது. வீட்டின் வேலை இப்போதுதான் ஆரம்பிக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்படும், மிகவும் பாதுகாப்பான சிகிச்சைகளில் ஒன்று. அதற்குப் பிறகு பார்வை போவது அபூர்வம். ஆனால், அந்த அபூர்வமான கேஸ்களில் ஒரு பகுதி, வீட்டில் 'ஒண்ணும் செய்யாது, விடு' என்று தள்ளிப்போட்டதால் கைமீறிப் போனவை. அதைத் தடுக்க நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. கையில் ஒரு போனும், கீழே இருக்கும் விவரங்களும் போதும்.

கண்ணுக்குள் என்ன நடந்திருக்கிறது?

கருவிழிக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. வயதாக ஆக அது கண்ணாடி மாதிரி தெளிவாக இல்லாமல் மங்கிப் போவதுதான் புரை. ஆபரேஷனில் அந்த மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள்.

மெஷின் வைத்து உடைத்து உறிஞ்சி எடுக்கும் 'பேகோ' முறையில், கண்ணில் போடும் துளை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. கையால் செய்யும் 'சிறு துளை' முறையில் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இரண்டிலுமே பெரும்பாலும் தையல் கிடையாது. துளை தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தையல் இல்லை, கட்டு இல்லை, பெரிதாக வலியும் இல்லை. அதனால் 'ஆறிவிட்டது' என்று தோன்றும். ஆனால், உள்ளே அந்தத் துளை உறுதியாகச் சேர சில வாரங்கள் ஆகும். அதுவரை அழுக்குத் தண்ணீர், அழுத்தம், அடி - இந்த மூன்றும் கண்ணுக்கு எதிரி. கீழே வரப்போகும் எல்லா விதிகளும் இந்த மூன்றிலிருந்து வந்தவைதான்.

நம்ம ஊர் கதை ஒன்று

'40 நாள் ஆடாம அசையாம படுக்கணும்', 'தலையைத் திருப்பக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கண்ணில் பெரிய வெட்டுப் போட்டு மொத்த லென்ஸையும் எடுப்பார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். உள்ளே வைக்க லென்ஸ் கிடையாது என்பதால், வாழ்நாள் முழுக்க சோடா பாட்டில் மாதிரி கனமான கண்ணாடிதான்.

இது மாறத் தொடங்கியது 1949-ல். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1967-ல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் 'பேகோ' முறையைக் கொண்டுவந்தார். ஆனால், அந்த லென்ஸ் ஒரு சேரன்மகாதேவி விவசாயிக்குக் கிடைக்க வேண்டுமே?

அதைச் சாத்தியமாக்கியதில் நம் தென்மாவட்டத்துக்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. எட்டயபுரம் பக்கத்தில் இருக்கும் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் ஜி.வெங்கடசாமி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு, கண் மருத்துவரானவர். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் திருநெல்வேலியிலும் அதன் கிளை வந்தது. 1992-ல் தொடங்கப்பட்ட 'ஆரோலேப்' நிறுவனம், வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த லென்ஸை உள்ளூரிலேயே செய்து, விலையை ஏழைக்கு எட்டும் அளவுக்கு இறக்கியது.

இன்று தாத்தா சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆபரேஷன் மாறிவிட்டது. ஆனால் வீட்டில் இருக்கும் பத்தியம் மட்டும் பழைய ஆபரேஷனுக்கானதாகவே இருக்கிறது. விளைவு? தேவையில்லாத விஷயத்தில் கறாராக இருப்போம். தேவையான விஷயத்தில் கோட்டை விடுவோம். டி.வி-யை ஆஃப் பண்ணி வைப்போம். கை கழுவாமல் சொட்டு மருந்து விடுவோம்!

முதல் 24 மணி நேரம்

* கண் உறுத்தும், மணல் விழுந்த மாதிரி இருக்கும், தண்ணீர் வடியும், வெளிச்சம் கூசும், லேசாகச் சிவந்திருக்கும். இதெல்லாம் இயல்பு. நாளாக ஆகக் குறைய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

* கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், சில மணி நேரத்துக்கு இமை தொங்கலாம், இரண்டிரண்டாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம்.

* 'எல்லாம் நீல நீலமா, வெள்ளை வெளேர்னு தெரியுதே' என்று ஆச்சி சொன்னால் சந்தோஷப்படுங்கள். பழைய லென்ஸ் மஞ்சளேறிப் போயிருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு நிறங்கள் சரியாகத் தெரிகின்றன. சில வாரங்களில் பழகிவிடும்.

* மறுநாள் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தால் கட்டாயம் போக வேண்டும். சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி சுமார் 20 கிலோமீட்டர்தான். 'நல்லாத்தானே தெரியுது, எதுக்கு மறுபடி பஸ் ஏறணும்' என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் அது டாக்டரின் கருவிக்குத்தான் தெரியும்.

சொட்டு மருந்து: பாதி வெற்றி இதில்தான்

பெரும்பாலும் இரண்டு வகை மருந்து கொடுப்பார்கள். ஒன்று, கிருமியைத் தடுப்பது. இன்னொன்று, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை முதல் வாரம் அதிக முறை, பிறகு வாரா வாரம் குறைத்துக்கொண்டே வருவார்கள். மொத்தம் 4 முதல் 6 வாரம் ஓடும். உங்கள் டாக்டர் எழுதிய சீட்டுதான் கணக்கு. பக்கத்து வீட்டு சீட்டு கிடையாது.

விடுகிற முறை இதுதான்:

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். துடைக்கும் துணியும் சுத்தமாக இருக்கட்டும்.

2. 'குலுக்கவும்' என்று எழுதியிருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். சில ஸ்டீராய்டு மருந்துகள் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் கண்ணில் விழும்.

3. படுக்கவைத்தோ, நாற்காலியில் சாய்த்தோ, கீழ் இமையை மெதுவாக இறக்குங்கள். அங்கே உருவாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ, ரப்பையிலோ படக் கூடாது.

4. ஒன்றிரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்கட்டும். இறுக்கிப் பிழிய வேண்டாம்.

5. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. அடுத்தடுத்து விட்டால், இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவி வெளியே தள்ளிவிடும். களிம்பு இருந்தால் அது கடைசியில்.

இங்கேதான் உங்கள் போனுக்கு வேலை. ஒரு நாளைக்கு ஆறு வேளை என்றால் தாத்தாவுக்கு ஞாபகம் இருக்காது. வீட்டில் இருக்கும் போனில் ஆறு அலாரம் வையுங்கள். பாட்டில்களில் சிவப்பு, பச்சை என கலர் டேப் ஒட்டச் சொல்லுங்கள். 'சிவப்பு விட்டாச்சா, பச்சை விட்டாச்சா?' என்று கேட்பது, வாயில் நுழையாத மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட ரொம்ப சுலபம். வாரம் மாறும்போது எத்தனை வேளை குறைகிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டட்டும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, 'சரியாயிட்டு' என்று பத்தே நாளில் மருந்தை நிறுத்துவது. அப்படிச் செய்தால் உள்வீக்கம் திரும்ப வரலாம். இன்னொன்று, 'மருந்து நல்லா கேக்குது' என்று மெடிக்கலில் அதே பாட்டிலை வாங்கி மாதக்கணக்கில் விடுவது. ஸ்டீராய்டை டாக்டருக்குத் தெரியாமல் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே பாதிக்கப்படலாம். திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

தாமிரபரணி காத்திருக்கட்டும்

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு ஆற்றுக் குளியல் பழக்கம் மட்டுமல்ல, உயிர். 'ஆத்துத் தண்ணி மருந்துல்லா' என்பார்கள். ஆனாலும் குறைந்தது ஒரு மாதம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை, முங்கிக் குளியல் கூடாது. ஆறு, வாய்க்கால், குளம், கிணறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பார்க்கத் தெளிவாக ஓடினாலும், தண்ணீரில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஆறாத துளை வழியாக உள்ளே போனால் சில நாள்களில் பார்வையைப் பறித்துவிடும். இடையில் ஆடி அமாவாசையோ, தை அமாவாசையோ வந்தால், கரையில் நின்று காலை நனைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் முதல் நாளிலிருந்தே கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால், கண்ணை விட்டுவிட்டுத் துடைக்கலாம். தலை பிசுபிசுக்கிறது என்றால், ஒரு வாரம் போன பிறகு, சலூனில் செய்வதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்து இன்னொருவர் அலசிவிடலாம். எண்ணெய்க் குளியல், சீயக்காய் எல்லாம் ஒரு மாதத்துக்குப் பிறகு.

காலையில் கண்ணில் பீளை கட்டியிருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால், மூடிய இமைமேல் மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு, ஒரே ஒரு துடைப்பு. முந்தானையும் துண்டும் வேண்டாம்.

அடுப்படி, வயல், கோயில்...

* தூக்கம்: இரவில் பிளாஸ்டிக் கவசம் கட்டாயம். தூக்கத்தில் கை தானாகக் கண்ணைத் தேய்க்கும். டாக்டர் சொன்ன நாள்கள்வரை, ஆபரேஷன் ஆன பக்கம் படுக்க வேண்டாம்.

* வெளியே: பகலில் கறுப்புக் கண்ணாடி. பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனால், தூசியும் எதிர்க்காற்றும் அடிக்கும். முதல் சில வாரங்கள் ஆட்டோ, பஸ், ரயில் நல்லது. தானே வண்டி ஓட்டுவது டாக்டர் பார்வையைச் சோதித்துச் சொன்ன பிறகு.

* எடை: நிறைகுடம் ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல் வரும். வாழைத்தாரும், கேஸ் சிலிண்டரும் அதைவிடக் கனம். ஒரு மாதத்துக்கு எதையும் தூக்க வேண்டாம். பேரனைத் தூக்கிக் கொஞ்சுவதற்குப் பதில், உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம். குழந்தை கண்ணில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* சமையல்: இரண்டு மூன்று நாளில் லேசான வேலை பார்க்கலாம். விறகடுப்புப் புகை, தாளிப்பு தெறிப்பது, மிளகாய்ப்பொடி - இவற்றிலிருந்து சில வாரம் லீவு.

* வயல்: கார், பிசானம் எந்தப் பருவமாக இருந்தாலும் அறுப்புக் களத்துப் பக்கம் ஒரு மாதம் போக வேண்டாம். நெல் உமியும் தூசியும் நல்ல கண்ணிலேயே பூஞ்சைப் புண்ணை உண்டாக்கும். ஆபரேஷன் ஆன கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

* கைவேலை: பத்தமடையில் பாய் நெய்பவர்கள், பீடி சுற்றுபவர்களுக்கு முதல் வாரம் ஓய்வு. பிறகு மெதுவாகத் தொடங்கலாம். வேலை செய்த கையால் கண்ணைத் தொடக் கூடாது. கிட்டப்பார்வை வேலைக்குப் பெரும்பாலும் புதுக் கண்ணாடி வந்த பிறகுதான் வசதியாக இருக்கும்.

* வழிபாடு: சாஷ்டாங்கமாக விழுவதையும், தரையில் நெற்றி பட சஜ்தா செய்வதையும் டாக்டர் சொல்லும்வரை தவிர்த்து, நாற்காலியில் அமர்ந்து வழிபடலாம். திருநீறை அள்ளிப் பூசினால் கண்ணில் உதிரும். ஒரு விரலால் தொட்டு வைத்துக்கொள்ளலாம்.

* மலச்சிக்கல், இருமல்: முக்குவதும், அடக்கி இருமுவதும் கண்ணில் அழுத்தம் ஏற்றும். கீரை, பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்மட்டும்.

இது உண்மையா?

'மீன், முட்டை, கத்திரிக்காய் சேர்க்கக் கூடாது.' ஆபரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காயம் ஆறப் புரதம் தேவை. எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பது ரொம்ப முக்கியம். பிரஷர், சுகர் மாத்திரைகளை எப்போதும்போலத் தொடர வேண்டும்.

'டி.வி, போன் பார்த்தால் லென்ஸ் கெட்டுவிடும்.' கெடாது. லென்ஸ் எங்கேயும் ஓடிவிடாது. அசந்தால் கண்ணை மூடி ஓய்வெடுத்தால் போதும். நீங்கள் தாராளமாக வீடியோ கால் பண்ணலாம்.

'தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் குளிர்ச்சி. நந்தியாவட்டைப் பூ வைத்தால் சூடு தணியும்.' அன்பாகச் சொல்கிறார்கள். ஆனால், ஆபரேஷன் ஆன கண்ணில் இது ஆபத்து. பாட்டிலில் இருக்கும் மருந்தைத் தவிர விளக்கெண்ணெய், பன்னீர், தேன் எதுவுமே கூடாது. இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

'ஆபரேஷன் பண்ணினா கண்ணாடியே தேவையில்லை.' சாதாரண லென்ஸ் பெரும்பாலும் தூரப்பார்வைக்குத்தான். பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஒரு மாதம் போல ஆனதும் பவர் நிலைக்கும். அப்போது எழுதிக் கொடுப்பார்கள். அவசரப்பட்டு இரண்டாம் வாரத்தில் கண்ணாடி வாங்கினால் காசு வீண்.

'புரை திரும்ப வளர்ந்துட்டு.' எடுத்த புரை திரும்ப வராது. சில மாதமோ, சில வருஷமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு மங்கலாகலாம். சில நிமிட லேசர் சிகிச்சையில் சரியாகிவிடும். கத்தி வைக்க மாட்டார்கள்.

இந்த அறிகுறி வந்தால், அன்றே கிளம்புங்கள்!

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

* குறைந்து வந்த வலி திடீரெனக் கூடுவது, மாத்திரைக்கும் அடங்காத வலி
* நேற்றுவரை தெரிந்த பார்வை இன்று மங்குவது
* சிவப்பு அதிகமாவது, இமை வீங்குவது, சீழ் போல வடிவது
* தலைவலியோடு வாந்தி
* கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, ஓரத்தில் திரை விழுவதுபோல மறைப்பது
* கண்ணில் அடிபடுவது

முதல் மூன்றும் கண்ணுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் வரும். இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் அதிகமான கண்புரை சிகிச்சைகளை அலசி 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் மருந்து செலுத்தியபோது, தொற்று 10,000 பேருக்கு 7 என்ற அளவிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது.

பத்தாயிரத்தில் இரண்டு பேர்தான். ஆனால், அந்த இரண்டில் ஒருவர் உங்கள் ஆச்சியாக இருந்தால், மணிக்கணக்குதான் முக்கியம். சில மணி நேரத்தில் போனால், கண்ணுக்குள் மருந்து செலுத்திப் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. 'கொடை முடியட்டும்', 'ஞாயித்துக்கிழமையாச்சே', 'பிள்ளைகளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்' என்று இரண்டு நாள் தள்ளினால், மிஞ்சுவது வெறும் வெளிச்சம் மட்டுமாக இருக்கலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போவதுதான் முதல் தேர்வு. அது தூரம் என்றால், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. மெடிக்கலில் போய் சொட்டு மருந்து கேட்டு நிற்க வேண்டாம்.

நம் ஊர்ப் பெரியவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லாருக்கேன்ப்பா' என்றுதான் பதில் வரும். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "நல்ல கண்ணை மூடிட்டு, ஆபரேஷன் பண்ண கண்ணால காலண்டர்ல இருக்கிற பெரிய நம்பரைப் படிங்க ஆச்சி." தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, அதே காலண்டரை வைத்துக் கேளுங்கள். நேற்று படித்தது இன்று தெரியவில்லை என்றால், அதுதான் பதில்.

ஒரு மாதத்துக்குப் பிறகு

ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால், இரண்டு கண்ணுக்கும் பார்வை வித்தியாசமாக இருக்கும். படி, வாசற்படி, பாத்ரூம் மேடு எல்லாம் ஆழம் தெரியாமல் தடுக்கும். இரவில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். படி விளிம்பில் கலர் டேப் ஒட்டலாம். அடுத்த கண்ணுக்கு எப்போது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டையும், லென்ஸ் விவர அட்டையையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் சேமியுங்கள். எந்த லென்ஸ், என்ன பவர் என்பது பின்னால் தேவைப்படும். வீட்டில் அந்த அட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் காணாமல் போயிருக்கும்!

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த பார்வை ஒரு மாதம் கழித்து லேசாக மங்கலாம். விழித்திரையில் நீர் கோப்பது காரணமாக இருக்கலாம். மருந்தில் சரிசெய்யக்கூடியதுதான். அதனால், 'எல்லாம் முடிஞ்சிட்டு' என்று தோன்றினாலும் அந்த ஒரு மாத செக்கப்பை விடக் கூடாது.

இப்போதே உங்கள் போனில் மூன்று வேலை செய்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் அவசர எண்ணைச் சேமியுங்கள். அடுத்த செக்கப் தேதியை காலண்டரில் போடுங்கள். அப்புறம் ஊருக்கு ஒரு கால் அடித்து, "சிவப்பு விட்டாச்சா, பச்சை விட்டாச்சா?" என்று கேளுங்கள்.